லயத்துக் காம்பரா, விடாத மழை, ஒன்றரை வயசுப் புள்ள: என்ன விளையாட்டுக் காட்டலாம்?

#1 தலவாக்கலைத் தங்கச்சி
எல்லாருக்கும் வணக்கம். புள்ளைக்கு ஒரு வயசு எட்டு மாசம். தென்மேற்கு மழை பிடிச்சா செப்டெம்பர் வரைக்கும் இஸ்தோப்பை (முன் விறாந்தையை) தாண்டி இறக்க வழியில்ல. வீடு பழைய லயம் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு), ஒரு காம்பராவும் (அறையும்) குசினியும்தான். கடைச் சாமான் வாங்குற எண்ணம் இல்ல. கேள்வி மூனு. மா உருண்டை பிசைஞ்சா காலையில கல்லாட்டம் இறுகுது, சாயந்தரம் கையில ஒட்டுது, ஏன்? இந்தக் குளிருல தண்ணி விளையாட்டு விடலாமா? எழுத்துச் சார்ட் இப்பவே சுவத்துல ஒட்டணுமா? அளவோட சொன்னா நல்லது.

#2 முன்பள்ளி டீச்சர், பண்டாரவளை
மாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மலையில் அது கெடுவதற்குக் காரணமே வேறு.

வழக்கமான அளவு: கோதுமை மா 1 கப், உப்பு அரைக் கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் வையுங்கள். சின்னத் தணலில் நாலைந்து நிமிடம் கிளற வேண்டும். சட்டியின் ஓரத்தை விட்டு ஒரே உருண்டையாகத் திரண்டு வரும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். சூடான சட்டியில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் சரிவராது.

காலையில் இறுகுவது தேங்காய் எண்ணெயால். அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். தலவாக்கலையில் விடிகாலைக் குசினி அந்தச் சூட்டுக்கு எங்கே வரும்? மாவுக்குள் இருக்கும் எண்ணெயும் உறைகிறது, உருண்டை கல்லாகிறது. நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறதென்றால் உருண்டையை ஒரு பையில் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தெடுங்கள்.

சாயந்தரம் ஒட்டுவது உப்பால். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும் நாளில் மூடாமல் வைத்த மா ஒரு மணித்தியாலத்திலேயே கசியத் தொடங்கும். பிளாஸ்டிக் மூடியுள்ள பால்மா டின்னில் போட்டு வையுங்கள். கசிந்துவிட்டால் பச்சை மாவைத் தூவாமல், மறுபடி சட்டியில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். தூவினால் அந்த நேரத்துக்குச் சரியாகும், மறுநாள் வெடிக்கும்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, உங்கள் பிள்ளைக்கு இந்த மா வேண்டாம். இருபது மாதத்தில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். அரைக் கப் உப்பு என்றால் 140 கிராம் அளவுக்கு வரும். அந்த உருண்டையில் ஒரு பெரிய துண்டை விழுங்கினாலே சின்ன உடம்பில் இரத்தத்தின் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வாயில் வைக்கும் பழக்கம் விட்ட பிறகுதான், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் உப்பு மா.

இப்போதைக்கு இடியப்ப மா போதும். வறுத்த அரிசி மா 1 கப்புக்குக் கொதிதண்ணீர் முக்கால் கப் வரை, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, ஆறியதும் பிசைந்து, பத்து நிமிடம் ஆவியில் அவித்தெடுங்கள். தின்றாலும் பயமில்லை. ஆற ஆற வெடிக்கும், அதனால் ஈரத்துணி போட்டு மூடுங்கள். அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

#3 கொழுந்துக்கூடை
டீச்சர், லயத்துல ரொட்டி தட்டுற வீட்டுல எல்லாம் ஒரு துண்டு மாவைக் கிள்ளிப் புள்ள கையில கொடுக்கிறதுதானே வழக்கம்? அதுல உப்பும் கொஞ்சம்தான். அதுக்கு எதுக்கு இடியப்ப மாவும் ஆவியும்?

#4 முன்பள்ளி டீச்சர், பண்டாரவளை
உப்பை வைத்துச் சொல்லவில்லை. கோதுமை மா பச்சைப் பொருள். அரைப்பதால் அதிலுள்ள கிருமி சாகாது, ரொட்டி வேகும்போதுதான் சாகும். சட்டியில் வறுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், வீட்டு வறுவலில் எல்லா இடத்திலும் ஒரே சூடு பிடிப்பதில்லை என்பதால் அதையும் நம்ப முடியாது. இரண்டரை வயதுப் பிள்ளை ரொட்டி மாவை உருட்டட்டும், தட்டட்டும், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். வாயில் போடும் வயதில் வேண்டாம். அவ்வளவுதான்.

#5 கிளினிக் நாள்
சாப்பிடக்கூடிய மாவுக்கு இன்னொரு வழியும் இருக்கு. கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷ கிடைக்கிற பிள்ளை என்றால் அதையே உருட்டலாம். சோளமும் சோயாவும் ஏற்கனவே வேகவைத்துத்தான் பைக்கற்றில் வருது, திரும்பச் சமைக்கத் தேவையில்லை. திரிபோஷ 3 மேசைக்கரண்டி, தேங்காய்ப்பூ 1 மேசைக்கரண்டி, சீனி கொஞ்சம், கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒன்றரை மேசைக்கரண்டி. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும், கரண்டி கரண்டியாகச் சேருங்க. பிள்ளை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டும் உருண்டை கோணல்மாணலாக வரும், அது பரவாயில்லை. இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்யப் பழகுவதுதான் அதில் உள்ள படிப்பு.

#6 கொழுந்துக்கூடை
புள்ளைக்குன்னு எடை பார்த்துக் கொடுக்கிற சத்துமாவை விளையாட்டுக்கு எடுக்கிறது எனக்குச் சரியாப் படல. கிளினிக்ல கேட்டா என்ன சொல்றது?

#7 கிளினிக் நாள்
உருட்டுனது புள்ளை வயித்துக்குத்தான் போகணும், தரைக்கு இல்லை. தின்கிற நேரத்தில், தின்கிற அளவு மட்டும். கரண்டியால் ஊட்டினால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை தான் உருட்டியதைத் தின்னும். அதையும் மீறிக் கீழே கொட்டுகிற பிள்ளைக்கு இந்த வழி வேண்டாம், அதில் உங்களோடு எனக்கும் உடன்பாடுதான்.

#8 நானுஓயா அப்பா
தண்ணி விளையாட்டுக்கு வாரேன். தங்கச்சி, தாராளமா விடலாம். கை நனையறதால ஒன்னும் ஆகாது, நெஞ்சும் முதுகும் ஈரத்தோட இருந்தாத்தான் உடம்பு சூட்டை இழந்து புள்ள நடுங்கும். அதனால முதல் வேலை, முன்னாடி மறைப்பு. பழைய குடைத்துணியில ரெண்டு கம்பிக்கு நடுவுல உள்ள துண்டைப் பிரிச்சு எடுத்து, குறுகின முனையைக் கழுத்துப் பக்கம் வர்ற மாதிரி வச்சு, இடுப்புல மட்டும் நாடா தைங்க. கழுத்துக்குக் கயிறு வேண்டாம், மேல் முனையைச் சட்டையில கிளிப் போட்டா போதும். ஷொப்பிங் பையை ஓட்டை போட்டு மாட்டுறாங்க சிலர், முகத்துல ஒட்டினா மூச்சு அடைச்சுரும், அந்தப் பேச்சே வேண்டாம்.

பேசின்ல முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி. மாத்தி ஊத்தி வச்சுட்டு ஒரு நிமிசம் திரும்பினா, புள்ள கொதிக்கிற தண்ணியில கை வச்சிருக்கும். முழங்கையை முக்கிப் பாருங்க, சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஆழம் நாலு விரல் வேண்டாம், ரெண்டு விரல் போதும். பத்து நிமிசத்துல தண்ணி ஆறிரும், அதுதான் முடிக்கிற நேரம்.

சாமான்: 80 கிராம் யோகட் கப் மூனு. ஒன்னுல ஓட்டை கிடையாது, ஒன்னுல அடியில ஒரே ஒரு ஓட்டை, இன்னொன்னுல ஏழெட்டு. கத்தியால குத்தினா கப் வெடிச்சு ஓரம் பிளேடு மாதிரி நிக்கும். தடிச்ச ஊசியை இடுக்கியில பிடிச்சுச் சூடு காட்டிக் குத்துங்க, ஓட்டை உருண்டையா வரும், ஓரமும் மழுங்கிரும். கொஞ்ச நாள்ல கப் வாய்ப்பக்கம் கீறல் விடும், விட்டதும் தூக்கிப் போட்டுரணும்.

இந்த மூனு கப்புலயே எவ்வளவு பேச்சு இருக்கு பாருங்க. ஊத்து, நிரம்பிருச்சு, வழியுது, ஒழுகுது, காலி. ஒத்த ஓட்டைக் கப்பு மெதுவா, மத்தது வேகமா. ஒரு கரண்டியும் ஒரு காஞ்ச சவுக்கு இலையும் போட்டா மூழ்குறதும் மிதக்குறதும் வந்துரும்.

முடிஞ்ச உடனே பேசினைக் கவுத்துருங்க. எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்த சின்னப் புள்ளைக்கு ரெண்டு அங்குலத் தண்ணியே மூச்சை நிறுத்தப் போதும், தலைப்பாரம் அதிகம்கிறதால தானா எழும்ப முடியாது. பீலித் தண்ணி (குழாய்த் தண்ணி) பிடிச்சு வைக்கிற ட்ரம்முக்கும் வாளிக்கும் மூடி போட்டு, மேல கல்லு வைங்க.

#9 பதுளைத் தாத்தா
என் யோசனை, அந்தக் கையைக் காலை ஆட்ட ஒரு வோக்கர் வாங்கிக் கொடுத்தால் தாய்க்கும் கொஞ்சம் ஓய்வு. நாலு சில்லு, நடுவில் உட்காரும் சீட், முன்னால் மணி. பண்டாரவளைச் சந்தைப் பக்கமே கிடைக்கிறது.

#10 கிளினிக் நாள்
ஐயா, மன்னிக்கணும், அது மட்டும் வேண்டாம். உட்காரும் வோக்கரில் பிள்ளை விரல்நுனியில் உந்திப் போகும், குதிகால் ஊன்றிப் பழகாது. தன் காலையே பார்க்க முடியாது. அதைவிட, லயத்து இஸ்தோப்புக்கும் முற்றத்துக்கும் இடையில் படி இருக்கு, கான் இருக்கு. சில்லில் போகிற பிள்ளையின் வேகத்துக்கு எட்டிப் பிடிக்க முடியாது. எட்டாத உயரத்தில் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பையும் எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். கனடாவில் 2004 முதல் இந்த வோக்கரை விற்கவே தடை.

இருபது மாதப் பிள்ளைக்கு, நடக்கத் தெரிந்துவிட்டது என்றால், தள்ளுகிற சாமான்தான் தேவை. நம் பழைய மூன்று சில்லு நடைவண்டி நல்லதுதான், பின்னால் நின்று தள்ளுவதால். அதுவும் வழுவழுப்பான சிமெந்துத் தரையில் முந்திக்கொண்டு ஓடும். சில்லைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ஒரு விரல் அகல வளையம் வெட்டி மாட்டினால் இழுத்துப் பிடிக்கும்.

#11 பதுளைத் தாத்தா
மூன்று சில்லு வண்டியும் கையில் இருக்கிறது, டியூப்பும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுவதற்கு இடம்? பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கட்டில் போக மிச்சம் என்ன?

#12 நானுஓயா அப்பா
தாத்தா, ஓட இடமில்லன்னா பாரம் தள்ள விடணும். பிஸ்கட் வந்த காட்போட் பெட்டியில உருளைக்கிழங்கு ரெண்டு கிலோ போட்டு மூடி டேப் ஒட்டுங்க. கட்டில்ல இருந்து கதவு வரை தள்ளிட்டுப் போய், திருப்பித் தள்ளிட்டு வரட்டும். வெறும் பெட்டின்னா சறுக்கிட்டு ஓடும், புள்ள மூஞ்சி குப்புற விழும். பாரம் இருந்தா நின்னு நின்னு நகரும், தொடையும் முதுகும் வேலை செய்யும். நாலஞ்சு தடவை போய்வந்தாலே அமைதியாயிரும். கட்டிலுக்கு அடியில தவழ்ந்து போய்க் காலுறைப் பந்தை எடுத்துட்டு வர்றது, சுருட்டின கம்பளியைத் தாண்டறது, தலகாணி மேல நடக்கிறது எல்லாமே இதே கணக்குத்தான்.

தரையில சாக்கு விரிச்சு மேல கம்பளி. சாக்கு அரிசிச் சாக்கா சீனிச் சாக்கா இருக்கணும், உரச்சாக்கு எத்தனை தடவை அலசினாலும் வேண்டாம். சிமெந்துத் தரையில காலுறையோட ஓட விட்டா வழுக்கும். விளையாடுற நேரம் வெறுங்கால், உட்கார்ற நேரம் காலுறை.

#13 கிளினிக் நாள்
இதற்கு அளவும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும். ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கப் பிரித்துத்தான். முதுகில் கட்டி வைத்திருப்பதோ கதிரையில் அடைத்து வைப்பதோ ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் தூக்கம். ஃபோன், டிவி ஒரு வயதில் தேவையே இல்லை, இரண்டு வயதில் ஒரு மணித்தியாலத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. மழைநாளில் ஃபோனைக் கொடுத்து உட்கார வைப்பதுதான் இந்த 180ஐயும் தின்றுவிடுகிறது.

#14 பிள்ளைக்காம்பரா அக்கா, மஸ்கெலியா
யாரும் குசினியைப் பத்திப் பேசலையே. மழைநாள்ல சூடா இருக்கிற ஒரே இடம் அதுதான், புள்ளயும் அங்கதான் வந்து நிக்கும். விரட்டி விரட்டி முடியாது. வேலை கொடுத்து உட்கார வைங்க.

முதல்ல இடம். அடுப்புக்கு எதிர்ச்சுவர் ஓரமா, வாசலை மறிக்காம ஒரு சாக்கு. அதுதான் புள்ளையோட இடம்னு தினமும் அதே மூலையில போடணும், மாத்திப் போட்டா எல்லை பிடிபடாது. அடுப்புக்கும் அதுக்கும் நடுவுல பெரிய ஆள் ஒருத்தர். சட்டிக் கைப்பிடி உள்பக்கம் திரும்பி இருக்கணும். புகை அடைக்கிற குசினின்னா, மிலாறு (தேயிலைச் செடியில வெட்டின விறகு) காஞ்சு நல்லாத் தணல் விழுந்த பிறகு கூப்பிடுங்க. ஈர மிலாறு எரியிற நேரம் புள்ளைக்கு அங்க வேலை இல்ல, கண்ணும் நெஞ்சும் கரிக்கும்.

ஒன்றரை வயசுல கோவா இலை கிழிக்கலாம். வெளி இலை ரெண்டு மூனு கொடுத்தா பத்து நிமிசம் ஓடும், கிழிக்கிற சத்தமே புள்ளைக்குப் பிடிக்கும். உருளைக்கிழங்கு மண்ணை ஈரத்துணியால துடைக்கலாம். கரட்டு ஒரு பக்கம், உருளைக்கிழங்கு ஒரு பக்கம்னு ரெண்டு கூடையில பிரிச்சுப் போடலாம். ரெண்டு சாமான்தான், மூனாவதைச் சேர்த்தா அந்த வயசுல குழம்பிரும். பச்சைக் கரட்டைத் துண்டாக்கிக் கையில கொடுத்துராதீங்க, கடிச்சு முறிச்சாத் தொண்டையில சிக்கும்.

ரெண்டு வயசானா போஞ்சி முறிக்கும். முனையை நீங்க கிள்ளி வச்சுட்டு நடுவுல முறிக்கிறதை மட்டும் விடுங்க. பழைய போஞ்சி வளையும், முறியாது, அதுக்குப் புள்ளயைக் குறை சொல்லக்கூடாது. அவிச்ச முட்டையில நீங்க நாலு பக்கமும் தட்டிக் கொடுத்தா ஓட்டை உரிக்கும். ரெண்டரைக்கு மேல அவிச்ச கிழங்கு மசிக்கிறது, மா சலிக்கிறது, ரொட்டியைத் தட்டில அடுக்கிறது.

மிளகாய், வெள்ளைப்பூடு கிட்டவே வேண்டாம். உரிச்ச கையால கண்ணைத் தேச்சா அன்னைக்கு முழுக்க அழுகைதான்.

அளவுக்கு ஒரு கப் மா, ரெண்டு கப் மான்னு சத்தமா எண்ணிப் போடுங்க. ஒன்னு, ரெண்டு போதும். புள்ள பத்து வரை ஒப்பிக்கிறது எண்ணிக்கை இல்ல, பாட்டு. ரெண்டு ரொட்டி எடுத்துட்டு வான்னா ரெண்டு வந்தாத்தான் கணக்கு.

#15 தலவாக்கலைத் தங்கச்சி
அக்கா, நல்லாப் புரியுது. பயறு, கடலை எல்லாம் தட்டுல கொட்டிக் கரண்டியால அள்ள விடறாங்களே, அது செய்யலாமா? அப்புறம் சார்ட்டுக்கு யாரும் பதில் சொல்லலையே.

#16 பிள்ளைக்காம்பரா அக்கா, மஸ்கெலியா
வேண்டாம். சாப்பாட்டைக் கொட்டி விளையாடறது நம்ம பக்கம் பார்க்கவும் நல்லா இல்ல, அது ஒரு பக்கம். மூக்குல போட்ட பயறு ஈரத்துக்கு ஊதும், ஊதினதை எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். காஞ்ச சிவப்பு பீன்ஸ் வேகாம வயித்துக்குப் போனா விஷம். குன்றிமணியைப் புள்ள இருக்கிற வீட்டுலயே வைக்காதீங்க. அள்ளிப் பழகணும்னா பேசின்ல தண்ணியும் கரண்டியும் போதும், நானுஓயாத் தம்பி சொன்ன மாதிரி.

#17 கிளினிக் நாள்
அளவுக்கு ஒரு எளிய சோதனை: விளையாட்டுச் சாமானைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் 3.17 சென்டிமீட்டர். அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது. சோடாப் போத்தல் மூடி சுமார் 3 சென்டிமீட்டர், ஆக அதுவும் ஆபத்துப் பட்டியலில்தான். போத்தலில் பயறு போட்டுக் கிலுகிலுப்பை செய்கிறவர்கள் மூடியைப் பசை வைத்துத் திருகி, மேலே டேப் சுற்றி, ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்க்கணும்.

மருந்தடிக்கிற கேன், களைநாசினிப் போத்தல் எதையும் விளையாட்டுக்கோ தண்ணீருக்கோ எடுக்காதீங்க. கழுவினாலும் பிளாஸ்டிக் இழுத்து வைத்திருக்கும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விடணும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, வாந்தியோடு நுரையீரலுக்குள் போவதுதான் அதில் பெரிய ஆபத்து. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், மேட்டு லயத்துக்கு ஏற முடியாவிட்டால் ரோட்டுக்குக் கொண்டுவந்து நில்லுங்க.

#18 முன்பள்ளி டீச்சர், பண்டாரவளை
சார்ட்டுக்கு என் பதில்: ஒட்டினால் சுவர் ஈரத்தில் ஊறிக் கீழே விழும், அதைத் தவிர இப்போது வேறு பயன் இல்லை. 247 எழுத்தும் ஐந்து வயதுக்குப் பிறகு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இருபது மாதத்தில் தேவை சொல், அதுவும் கையில் பிடித்திருக்கும் பொருளின் சொல்.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளை "தண்ணி" என்றால் நீங்கள் "சூடு தண்ணி ஊத்தட்டுமா?" என்று ஒன்றிரண்டு சொல் நீட்டிச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், திரும்பச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டிலேயே பொறுமையிழந்து தாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். "இது என்ன, அது என்ன" என்று பரீட்சை வைத்தால் பேசுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும்.

புத்தகத்துக்குப் பதில் வீட்டுப் படங்களே போதும். அம்மாச்சி, தாத்தா, மாமா, பக்கத்துக் காம்பரா அக்கா என்று ஆறேழு படங்கள், ஒவ்வொன்றையும் காட்போட்டில் ஒட்டி, அகலமான டேப்பால் இரண்டு பக்கமும் ஈரம் போகாமல் மூடி, மூலையை வட்டமாக வெட்டி, துளையிட்டுத் துணி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். நாடா ஒரு சாண் நீளத்துக்கு மேல் தொங்கக் கூடாது. இறுக்கிக் கட்டினால் பக்கம் திரும்பாது, பிள்ளை பிய்த்துவிடும். காட்போட் தடிப்பாக இருந்தால்தான் இந்த வயது விரலுக்குப் பக்கம் பிடிபடும்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ஒவ்வொரு விரலாக மடக்குகிற விளையாட்டைப் பழசு என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு விரலுக்கும் வீட்டில் ஒருவரின் பெயர் சொல்லிச் சோறு கொடுங்கள். கடைசியில் அக்குளுக்கு ஏறுவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள், அடுத்து என்ன வரும் என்று பிள்ளை காத்திருக்கும். முறை மாற்றிப் பேசுவது அங்கேதான் தொடங்குகிறது.

#19 கொழுந்துக்கூடை
பக்கத்து வீட்டுல சிங்களம் பேசுறாங்க, புள்ள ரெண்டையும் கலக்குது. தமிழைக் கெடுத்துருமா? ரெண்டு மொழின்னா பேச்சு லேட்டாகும்னும் சொல்றாங்க.

#20 கிளினிக் நாள்
கெடுக்காது. ஒரே வசனத்தில் இரண்டும் கலப்பது இரண்டு மொழி கேட்கும் பிள்ளைகளின் இயல்பு. சொல் எண்ணிக்கை பார்க்கும்போது இரண்டு மொழிச் சொல்லையும் கூட்டித்தான் பார்க்கணும். வீட்டில் உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுங்க, தெரிந்த நாலு இங்கிலீஷ் சொல்லுக்காக அதை விட்டுவிடாதீங்க.

பேச்சுப் பிந்துவதை இரண்டு மொழியின் தலையில் போட்டுக் காத்திருப்பதுதான் தவறு. 18 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை, முன்பு சொன்ன சொல் நின்றுபோனது: இதில் எது இருந்தாலும் அடுத்த கிளினிக் நாளிலேயே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்க. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். சளி பிடித்த மாதங்களில் நடுக்காதில் நீர் தங்கிக் கேள்வி மந்தமாகும் பிள்ளைகள் குளிர்ப் பிரதேசத்தில் மட்டுமில்லை, எங்கேயும் உண்டு.

#21 முன்பள்ளி டீச்சர், பண்டாரவளை
வர்ணம் பற்றி யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி.

கோன்ஃபிளவர் 4 மேசைக்கரண்டியை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். ஒன்றரைக் கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைசலை ஊற்றிக்கொண்டே இரண்டு நிமிடம் கிளறுங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடி போல் தெளிந்தால் இறக்கலாம். மூன்று கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் பீட்ரூட் அவித்த தண்ணீர், ஒன்றில் மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, ஒன்றில் அரைத்துப் பிழிந்த கீரைச் சாறு. உப்பில்லாததால் குளிரிலும் இரண்டாம் நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

கடதாசியில் நேரடியாகத் தீட்டினால் ஜூலை மாதத்தில் காய இரண்டு நாளாகும், அதற்குள் பூஞ்சணம். எவர்சில்வர்த் தட்டிலேயே விரலால் தீட்டட்டும். முடிந்ததும் பழைய பேப்பரை மேலே அழுத்தி எடுத்தால் அச்சு விழும், மெல்லிய பூச்சு என்பதால் அடுப்படிச் சுவரோரம் சீக்கிரம் காயும். தட்டைக் கழுவினால் சரி. மஞ்சள் உடுப்பில் பட்டால் சவர்க்காரத்தோடு சண்டை போடாதீர்கள், வெயில் பட்டால் தானாக மங்கும். வெயில்தான் வரவேண்டும்.

இரண்டரை வயதுக்கு மேல் ஒரு வேடிக்கை: மஞ்சள் கிண்ணத்தில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் செங்கல் சிவப்பாகும். தேசிக்காய் பிழிந்தால் திரும்ப மஞ்சள். வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பும் இதே வேலையைச் செய்யும் என்று பாட்டிமார் கொண்டு வருவார்கள். கூடாது, கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

#22 நானுஓயா அப்பா
மழை விட்ட இடைவெளியில வெளியே போறதுக்கு: பதினைஞ்சு நிமிசம் போதும். படியில பாசி இருக்கும், பின்பக்கமாத் திரும்பிக் காலை முதல்ல இறக்கப் பழக்குங்க, கட்டில்ல இருந்து இறங்கறதும் அதே மாதிரித்தான். புல்லுக்குள்ள போயிட்டு வந்தா விரலிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதோரம் அட்டை பாருங்க. ஏறியிருந்தா இழுத்துப் பிய்க்க வேண்டாம், நகத்தை அதோட வாய்ப்பக்கம் தோலோட ஒட்டித் தள்ளினா விட்டுரும். கடிவாயை சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திப் பிடிங்க, கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும்.

நுவரெலியா ரோட்டோரம் வெள்ளையா நீளமாக் கீழ்நோக்கித் தொங்குற பெரிய குழல் பூ ஊமத்தை இனம். பூ, இலை, விதை எல்லாமே விஷம். பொறுக்கிப் பையில போடற பட்டியல்ல அது வேண்டாம். லயத்துக்குப் பக்கத்து மலையில களைக்கு மருந்தடிக்கிற நாள் எதுன்னு கங்காணிக்கிட்டக் கேட்டு வச்சுக்குங்க. அன்னைக்கு மழை விட்டாலும் வெளி விளையாட்டு கிடையாது.

#23 தலவாக்கலைத் தங்கச்சி
எல்லாருக்கும் நன்றி. இடியப்ப மாவுல ஒரு சந்தேகம் டீச்சர். வெள்ளை அரிசி மாவா, சிவப்பு மாவா? கடைப் பைக்கற் மாவை வறுக்காம எடுக்கலாமா?

#24 முன்பள்ளி டீச்சர், பண்டாரவளை
எதுவானாலும் சரி. சிவப்பு மா கொஞ்சம் சொரசொரப்பாக வரும், கைக்கு அது நல்லது, தண்ணீர் இரண்டு கரண்டி கூடக் குடிக்கும். பைக்கற்றில் வறுத்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வறுக்காத மா என்றால் கொதிதண்ணீர் ஊற்றியதும் பசையாகிவிடும். வெறும் சட்டியில் நிறம் மாறாமல் ஏழெட்டு நிமிடம் வறுத்து, மணல் போல் உதிரும் பதத்தில் இறக்கி, நன்றாக ஆறிய பிறகு சலித்து எடுங்கள். ஆவியில் அவிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.